விளிம்புநிலை ஆய்வு: ஜிப்சம் பலகையின் ஓரங்கள் குறித்த ஒரு தொடக்கநிலைப் பேராய்வு

0. முகவுரை

தமிழில் விளிம்புநிலை பற்றி வந்திருக்கும் கட்டுரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவரே எழுப்பிவிடலாம். ஆயினும் அவற்றுள் ஒன்றுகூட விளிம்பின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். 'இடைவெளியை நிரப்புதல்' என்ற தொடர் எல்லா ஆய்வேடுகளின் முதல் பக்கத்திலும் வரும். அதை நேர்ப்பொருளில், பட்டி பிளேடும் கையுமாக நின்று எழுதிய ஆய்வு இது.

ஆய்வுக் களம்: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி. ஹாலின் மூலையைத் தடுத்து, இவ்வாய்வாளர் உட்கார்ந்து எழுத ஓர் அறை. தடுப்பின் நீளம் 12 அடி, உயரம் ஒன்பதரை அடி. ஆய்வுக் காலம்: நான்கு நாள் என்று தொடங்கி இருபத்திரண்டு நாள். ஆய்வு நிதி: இவ்வாய்வாளரின் மனைவி. ஆய்வு நெறியாளர்: அவரே.

ஆய்வு முறையியல்: பக்கத்தில் நின்று பார்த்தல், குறுக்கே நிற்காதீங்க சார் என்று சொல்லப்படுதல், தள்ளி நின்று பார்த்தல்.

1. முன்னோர் ஆய்வுகள்

ஜிப்சம் பற்றிக் கவலைப்பட்டவர்களில் முதல்வர் சாதாரண ஆள் இல்லை. நவீன வேதியியலின் தந்தை என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் லவாய்சியே 1760-களில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் படித்த முதல் ஆய்வுரையே ஜிப்சம் பற்றியதுதான். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் தோண்டிய அந்தக் கல்லைச் சுட்டால், உள்ளே கட்டுண்டிருந்த நீரின் பெரும்பகுதி வெளியேறி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்னும் பொடி கிடைக்கும். பொடியில் தண்ணீர் ஊற்றினால், போன நீரை வட்டியில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். கொடுத்ததைத் திரும்ப வாங்கியதும் இறுகிப்போகும் குணம் கற்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே குறிப்பிட்டு மேலே செல்வோம்.

லவாய்சியே 1794 மே மாதம் கில்லட்டினில் தலை இழந்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1894 மே மாதம், அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகித அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டரை வைத்துச் செய்த சுவர்ப் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். முன்னவர் கழுத்தில் விழுந்தது ஒரு சுத்தமான வெட்டு. பின்னவர் பலகையிலும் ஓரங்கள் மூடப்படாமல் உள்ளிருப்பது வெளியே தெரிந்தது. காகிதத்தை மடித்து ஓரத்தையும் போர்த்தும் வழக்கம் 1910-க்குப் பிறகே வந்தது. இந்த இரண்டு வெட்டுகளுக்கும் தொடர்பு உண்டா? இல்லை. ஆனால் முழுசாக ஒரு நூற்றாண்டும் ஒரே மாதமும் கைக்குக் கிடைத்த பிறகு, தொடர்பில்லை என்று சொல்லி ஒதுங்கிய ஆய்வாளர் யாராவது பதவி உயர்வு பெற்றதுண்டா? ஆகவே தொடர்பு உண்டு என்றே கொள்கிறோம்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துக் களிமண் படிவுகளில் ஜிப்சம் நரம்பு நரம்பாகக் கிடைக்கிறது. அங்கிருந்துதான் அது பாரிஸுக்குப் போயிற்று என்று நிறுவ ஒரு தனிக் கட்டுரை வேண்டும். நண்பர் ஒருவர் முடிவுரையை எழுதி முடித்துவிட்டார், சான்றுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

2. ஓரங்களின் வகை

2.1 சதுர ஓரம். சொல்வதற்கு ஒன்றுமில்லை.

2.2 சாய்வெட்டு ஓரம். மூட்டு தெரிந்தால் தெரியட்டும் என்று கோடாகவே விட்டுவிடுகிறவர்களுக்கானது. நேர்மையான ஓரம், ஆகவே புழக்கத்தில் குறைவு.

2.3 அரைவட்ட ஓரம். ஜெர்மானியர்கள் இதைச் சரிவு ஓரத்தோடு கலந்து 'அரைவட்டச் சரிவு ஓரம்' என்று ஒன்றைப் பெற்று, அதற்கு நான்கெழுத்துச் சுருக்கப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். அந்நாட்டுக்கு இதெல்லாம் வழக்கம்தான்.

2.4 சரிவு ஓரம். நம் ஊர்க் கடைகளில் டேப்பர் எட்ஜ். பலகையின் நீளப்பக்கம் இரண்டிலும், ஓரத்திலிருந்து உள்ளே சுமார் 50 மி.மீ. அகலத்துக்கு, கனம் ஒன்றிரண்டு மி.மீ. குறைந்துகொண்டே வரும். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தால், விரல் மெல்ல ஒரு சறுக்கில் இறங்குவது தெரியும். தொழிற்சாலையில் பலகை ஒரு நீண்ட நாடாவாக ஓடி வரும்போதே காகிதம் மடிந்து பக்கவாட்டை மூடுகிறது, ஓரமும் அங்கேயே அமுங்கிச் சரிகிறது. பிறகு நாடாவைக் குறுக்கே நறுக்குகிறார்கள். ஆகவே சரிவு நீளப்பக்கத்துக்கு மட்டுமே வாய்க்கும். அகலப்பக்கம் பிறவியிலேயே வெட்டுப்பட்டது. இந்த ஒரு வாக்கியத்தை மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை பிறந்திருக்காது.

பிரான்ஸில் பலகைக்குப் பெயரே ஓரத்தை வைத்துத்தான். 'சன்ன ஓரம்' என்பதன் முதலெழுத்துகளை எடுத்து, கனத்தையும் சேர்த்து, 'பே-ஆ-13' என்பார்கள். அளந்தால் 12.5 மி.மீ.தான். மீதி அரை மில்லிமீட்டர் மரியாதை நிமித்தம்.

2.5 வெட்டோரம். பிறவியில் வெட்டுப்பட்டதும், நம் வீட்டில் கத்தியால் வெட்டியதும். மேல்காகிதத்தில் கத்தியால் ஒரு கீறல், பின்பக்கம் முழங்காலால் ஒரு தட்டு, பலகை பிஸ்கட்போல் மடியும். பின்காகிதத்தையும் அறுத்தால் கையில் இரண்டு துண்டு. உள்ளிருக்கும் வெள்ளை உதிரும். இந்த ஓரத்துக்குச் சரிவும் இல்லை, போர்வையும் இல்லை.

2.6 ஓரமின்மை. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர்களுக்கு ஓரம் என்பதே இல்லை. இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்பதால் அவற்றைப் பெருமூச்சோடு கடந்து செல்கிறோம்.

3. புணர்ச்சி

இரண்டு பலகைகள் சேர்வதை வேலைக்காரர்கள் ஜாயின்ட் என்கிறார்கள். நம் இலக்கணிகள் அதற்குப் புணர்ச்சி என்று பெயரிட்டு, விதி வகுத்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழவைக்கவும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். முன்னரே நிற்பது நிலைப்பலகை. வந்து சேர்வது வரும்பலகை.

3.1 இயல்புப் புணர்ச்சி. சரிவோரமும் சரிவோரமும் சேர்வது. இரண்டு சறுக்கும் சந்திக்கும் இடத்தில் 100 மி.மீ. அகலத்துக்கு ஆழமில்லாத ஒரு வாய்க்கால் உண்டாகும். அதில் ஜாயின்டிங் காம்பவுண்டைப் பரப்பி, ஈரம் இருக்கும்போதே 50 மி.மீ. அகலக் காகித டேப்பை ஒட்டி, பிளேடால் அழுத்தி இழுக்க வேண்டும். அடியில் காம்பவுண்ட் போதவில்லை என்றால் டேப் அப்பளமாக உப்பும். காய்ந்த பின் இரண்டாம் பூச்சு, முதலதைவிட அகலமாய். அதுவும் காய்ந்த பின் மூன்றாம் பூச்சு, இன்னும் அகலமாய். பிறகு உப்புத்தாள். டேப்பின் கனமும் காம்பவுண்டின் கனமும் வாய்க்காலுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், பலகைகள் இரண்டு என்பதைச் சுவரே மறந்துவிடும். மேற்கண்ட செய்முறையில் இருமுறை வரும் 'காய்ந்த பின்' என்ற தொடரைக் களப்பணியின் இருபத்திரண்டு நாளிலும் எவர் வாயிலிருந்தும் கேட்க நேரவில்லை (மேஸ்திரி வாய்மொழி, சாரத்தின் கீழ்ப்பலகை, முதல் டீக்கு முன்; மேலது, மேல்பலகை).

3.2 விகாரப் புணர்ச்சி. வெட்டோரமும் வெட்டோரமும் முட்டிக்கொள்வது. இது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்பதைத் தமிழுலகம் அறியும்.

தோன்றல்: இங்கே வாய்க்கால் கிடையாது. டேப்பும் காம்பவுண்டும் பலகையின் மேல்தான் உட்கார வேண்டும். ஆகவே ஒரு மேடு தோன்றும். மேட்டைக் கரைக்க முடியாது. அகலமாகப் பரப்பி ஏமாற்றத்தான் முடியும். இரண்டு மி.மீ. மேட்டைப் பக்கத்துக்கு 75 மி.மீ. மட்டும் பரப்பினால் ஏற்றம் 37.5-க்கு ஒன்று; கண் கண்டுபிடித்துவிடும். பக்கத்துக்கு 300 மி.மீ. பரப்பினால் 150-க்கு ஒன்று, கண் விட்டுவிடும். இதற்குத் தேவை கூடுதலாக இரண்டு கிலோ காம்பவுண்டும் ஒரு நாள் கூலியும். எந்த வாய்ப்பாட்டிலும் வராத இந்தக் கடைசி எண்தான் எல்லாச் சுவர்களின் விதியையும் தீர்மானிக்கிறது.

திரிதல்: மூட்டுக்குப் பின்னால் தாங்குவதற்குச் சேனல் இல்லையென்றால், ஒரு பலகை முன்னும் ஒன்று பின்னுமாகத் திரிந்து நிற்கும்.

கெடுதல்: விரிசல். டேப்பே ஒட்டாமல் பூசுவதாலும், முந்தைய பூச்சின் ஈரத்தின் மேலேயே அடுத்ததை அப்புவதாலும், காம்பவுண்டுக்குப் பதிலாகச் சிமென்ட் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பட்டியைக் குழைப்பதாலும் வருவது. மூன்றையும் ஒரே மூட்டில் நிகழ்த்திக் காட்டும் பேறு இவ்வாய்வாளரின் சுவருக்குக் கிட்டியது.

3.3 ஆய்வேடுகளில் புணர்ச்சி. இது வெட்டோரப் புணர்ச்சியின் தனி வகை. ஒரு பத்தி மிக நேர்த்தியாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று எழுத்துரு பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாறும். 'நான்' என்றவர் 'நாம்' ஆவார். அதுவரை மிகாத ஒற்று எல்லா இடத்திலும் மிகத் தொடங்கும். அங்கேதான் இரண்டு பலகைகள் முட்டுகின்றன. ஒன்று இவருடையது. மற்றது, இவருக்கு முன் அதே துறையில் பட்டம் வாங்கியவருடையது. டேப் ஒட்டவில்லை, உப்புத்தாளும் போடவில்லை. ஆயினும் வாய்மொழித் தேர்வில் மிக்சரும் காபியும் நன்றாக இருந்தால் அந்தக் கோடு யார் கண்ணிலும் படுவதில்லை. சுவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

4. 'பட்டி' என்னும் சொல்

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து நம் சாரத்துக்கும் ஏறி வந்த சொல் இது என்று சிலர் கூறுவர். வடக்கே புட்டி என்பர். தமிழில் புட்டி வேறொரு திரவத்தைக் குறிப்பதால் அதை விலக்குகிறோம்.

உண்மையில் பட்டி தூய தமிழ்ச் சொல் என்பதற்குத் தென்மாவட்டங்களே சான்று. கோவில்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என ஊர் ஊராகப் பட்டி பார்த்திருக்கிறார்கள். கோவில்பட்டியில் கோவிலுக்கு மட்டும் பார்த்தார்கள். ஆண்டிபட்டியில் ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை பழமொழியாகவே வழங்குகிறது. கட்டிய பிறகு பட்டி பார்க்கக் கையில் காசு இருந்திருக்காது என்று ஐயுறுவோர்க்கு, அதனால்தான் பெயர் மட்டும் எஞ்சியது என்று விடை கூறுக. ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்பவை அறிவுலகம் இன்னும் தொடாத துறைகள்.

இதற்கெல்லாம் மேலாகப் பட்டிமன்றம். பழைய காப்பியங்களின் பட்டிமண்டபத்துக்குச் சொல்லப்படும் பொருள்கள் எவையும் நமக்கு நிறைவளிக்கவில்லை. மேடையை உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் ஓர் அணி, வலப்பக்கம் ஓர் அணி. நடுவே கூர்மையான வெட்டோர இடைவெளி. இரண்டு மணி நேரம் கழித்து நடுவர் எழுந்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வழித்து வழித்துப் பூசி, எந்த அணி எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாதபடி சமப்படுத்திவிட்டு அமர்கிறார். இதற்குப் பட்டிமன்றம் என்றல்லாமல் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இந்த விளக்கத்தை மறுப்பவர்கள் எழுத்துமூலம் மறுக்க வேண்டும். இவ்வாய்வாளர் பதில் எழுதுவார். அவர்கள் அதற்கும் எழுதுவார்கள். ஒரு துறை பிறந்துவிடும்.

5. மூலமும் உரைகளும்

இவ்வாய்வின் உயிர்நிலை இந்த இயல்தான். அவசரமுள்ளவர்கள் ஏழாம் இயலுக்குப் போகலாம்.

பத்தொன்பதாம் நாள் மாலை. காலி பெயிண்ட் டிரம் இரண்டின் மேல் குறுக்கே போட்ட பலகை. அதன் மேல் மேஸ்திரி. தரையிலிருந்து ஆறடி உயரத்தில் சுவரின் குறுக்கே ஒரு மேடு ஓடியது. பலகைகள் நாலுக்கு ஆறு அடி அளவின. சுவரோ ஒன்பதரை அடி. மூன்று பலகைகளை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே மூன்றரை அடித் துண்டுகளை ஏற்றியதால், வெட்டோரமெல்லாம் ஒரே மட்டத்தில், ஒரே நேர்கோட்டில் வந்து முட்டின. ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாக மாற்றி, துண்டைக் கீழேயும் முழுப்பலகையை மேலேயும் வைத்திருந்தால் அந்த நீளக் கோடு உடைந்திருக்கும். இவ்வாய்வாளர் மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, "இது தெரியுமே?" என்றார். மேஸ்திரி பிளேடைத் துடைத்துக்கொண்டே திருவாய் மலர்ந்தருளியது:

"பெயிண்ட் அடிச்சா தெரியாது சார்."

மூலம் இவ்வளவே. நான்கு சொல். இந்நான்கு சொல்லுக்குத் தமிழ்நாட்டில் உரை எழுதப்படாதது ஏன் என்று புரியவில்லை.

5.1 பெயிண்ட். இரண்டாம் வேற்றுமைத் தொகை. 'பெயிண்டை' என விரிக்க. எந்தப் பெயிண்ட் என்பதில் உரைகாரர்கள் மாறுபடுவர். ப்ரைமர் ஒருகை, எமல்ஷன் இரண்டுகை என்பது பெயிண்டர் மரபு. ஒருகையிலேயே மூடிவிடும் என்பது, கூலியை மொத்தமாகப் பேசிக்கொண்ட பெயிண்டர் மரபு. பளபளப்பான பெயிண்ட் மேட்டைக் காட்டிக்கொடுக்கும், மங்கல் பெயிண்ட் கொஞ்சம் மறைக்கும் என்பது கடைக்காரர் சொன்னது. பில் போட்ட பிறகு சொன்னார்.

5.2 அடிச்சா. 'அடித்தால்' என்பதன் பேச்சு வடிவம், செயின் என்னும் வாய்பாட்டு வினையெச்சப் பொருள், எதிர்காலம் காட்டும். அடிப்பவர் யார்? எழுவாய் தொக்கி நிற்கிறது. மூலத்தை அருளியவர் பெயிண்ட் அடிக்கிறவர் அல்லர் என்பதும், அடிக்கும் நாளில் அவர் வேறோர் ஏரியாவில் வேறொரு சுவரைப் பார்த்து இதையே ஓதிக்கொண்டிருப்பார் என்பதும் கருதத்தக்கவை. பெயிண்டரைக் கேட்டால் அவர் தரும் பாடம் வேறு: "பட்டி ஒழுங்கா பார்த்திருந்தா தெரியாது சார்." இதுவும் நிபந்தனைதான். ஆனால் இறந்தகாலத்தில் நிகழாமல் போனதைச் சுட்டும் நிபந்தனை. ஒருவர் பழியை வருங்காலத்துக்கு அனுப்புகிறார்; மற்றவர் சென்ற காலத்துக்கு. நிகழ்காலத்தில் மேடு நிற்கிறது.

5.3 தெரியாது. இங்கேதான் பெரும் போர். மேடு எழுவாய், 'பார்ப்பவருக்கு' என நான்காம் வேற்றுமை வருவித்து, 'கண்ணுக்குப் புலப்படாது' எனப் பொருள் கொள்வர் ஒரு சாரார். இது வீட்டுக்காரர் பள்ளி எனப்படும். நம்பிக்கையே இதன் அடிப்படை.

மற்றொரு சாரார், அச்சொல்லுக்கே உரிய இன்னொரு பொருளைக் கைக்கொண்டு, 'எனக்கு' என வருவிப்பர். அதாவது: பெயிண்ட் அடித்தால், (அதன்பின் என்ன ஆகும் என்பது எனக்குத்) தெரியாது. இவ்வுரையை முதலில் கேட்டபோது இவ்வாய்வாளர் அதிர்ந்து நாற்காலியில் அமர்ந்தார். அதில் ஈரப் பட்டி இருந்தது. யோசிக்க யோசிக்க இதுவே சரியென்று படுகிறது. மேஸ்திரி பொய் சொல்லவில்லை. உறுதியும் கொடுக்கவில்லை. தன் அறியாமையைப் பணிவோடு அறிவித்திருக்கிறார். நாம்தான் அதை வாக்குறுதியாகக் கேட்டு மீதிப் பணத்தைக் கொடுத்தோம். தமிழில் ஒரே சொல் 'புலப்படாது' என்றும் 'அறியேன்' என்றும் பொருள்படுவதால் இந்த மாநிலத்தின் கட்டுமானத் துறைக்கு விளைந்திருக்கும் நன்மையை எவரும் மதிப்பிட்டதில்லை.

5.4 சார். விளி. அசைச்சொல் என்று தள்ளுவாரும் உளர். தவறு. பாக்கிப் பணம் கைக்கு வரும் முன் இச்சொல் நீண்டு 'சா...ர்' என அளபெடுக்கும். வந்த பின் குறுகும். போனில் அழைத்தால் முற்றும் கெடும்.

5.5 ஒப்பியல் நோக்கு. பட்டி பார்த்த பிகார் இளைஞர், அதே மேட்டைக் காட்டியபோது, "ஹோ ஜாயேகா சாப்" என்றார். 'ஆகிவிடும்' என்று பொருள். எது ஆகிவிடும் என்பது அங்கும் தொக்கியே நிற்கிறது. எழுவாயை மறைத்தல், எதிர்காலத்தில் நிறுத்தல், மரியாதை விளியில் முடித்தல் என்னும் மூன்று கூறுகளும் இரு மொழிக் குடும்பங்களிலும் ஒத்துவருவதால், மனித இனம் பிரிந்து போகுமுன் எங்கோ ஒரு குகையில், சுவர் ஓவியம் கோணலாக வந்தபோது, முதன்முதலில் உச்சரிக்கப்பட்ட வாக்கியம் இதுவே எனத் துணியலாம்.

5.6 பாடபேதம். மூலத்தில் 'தெரியாது' என்பதற்குப் பதில் 'தெரியவே தெரியாது' என்ற பாடமும் உண்டு. இதற்குச் சான்று பென்சில் கல்வெட்டு ஒன்று. மேல்துண்டின் முதுகில் மேஸ்திரி '3-6½' என்று அளவெழுதி, அதனருகே வேறேதோவும் கிறுக்கியிருந்தார் (பலகையின் பின்புறப் பென்சில் கல்வெட்டு, வரி இரண்டு, தற்போது சேனலுக்கும் கண்ணாடிப் பஞ்சுக்கும் பின்னால் உள்ளது, சுவரை உடைத்தாலன்றி எவரும் சரிபார்க்க இயலாது, உடைத்தால் கல்வெட்டும் உடையும், படியெடுத்த செல்பேசிப் படம் இடப்பற்றாக்குறையால் அழிக்கப்பட்டது, படத்தை அழிக்குமுன் பார்த்த ஒரே சாட்சியாகிய உதவியாள், அது உருளைக்கிழங்கும் வெங்காயமும் எழுதிய மளிகைக் கணக்கு என்று நினைவுகூர்ந்தார், ஆயினும் அவர் ஊருக்குப் போய்விட்டதால் அவர் கருத்து இங்கு ஏற்கப்படவில்லை). சரிபார்க்க இயலாத சான்றைவிட உறுதியான சான்று உண்டோ? இந்த நெறியைக் கருத்தரங்குகளில் கற்றோம், கற்பித்தவர்களுக்கு நன்றி.

6. சமதளத்தின் படிநிலைகள்

அமெரிக்காவின் ஜிப்சம் சங்கத்தார் சுவரின் வழவழப்பை நிலை 0 முதல் நிலை 5 வரை வகுத்திருக்கிறார்கள். ஐந்து என்று பெயர், எண்ணினால் ஆறு. நிலை 0: ஒன்றுமே செய்யாதது. நிலை 1: டேப் ஒட்டியது. நிலை 2: மேலே ஒரு பூச்சு, மேலே டைல்ஸ் வருவதானால் போதும். நிலை 3: இன்னொரு பூச்சு, சொரசொரப்பான அலங்காரப் பூச்சுக்கு அடியில் சரி. நிலை 4: மேலும் ஒரு பூச்சு, சாதாரண வீட்டுப் பெயிண்டுக்கு உரியது. நிலை 5: மூட்டோடு நில்லாமல் சுவர் முழுவதையும் மெல்லிய படலத்தால் போர்த்திவிடுவது. பளபளப்புப் பெயிண்ட் அடிக்கவும், வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு விழும் இடத்திலும் இதைத்தான் கேட்கிறார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் சுவர் முழுக்க இரண்டு மி.மீ. பிளாஸ்டரைப் பூசி முடித்துவிடுவதால், இந்தப் படிகளையெல்லாம் ஏறாமலே அவர்கள் மாடிக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத நிலை 6-ஐ இவ்வாய்வு கண்டுபிடித்துள்ளது. அது பின்வருமாறு.

7. முடிவுரை

பெயிண்ட் அடித்தார்கள். மூன்றாம் நாள் பிற்பகலில் மேற்கு ஜன்னல் வழியே வெயில் சுவரைத் தடவிக்கொண்டு நீள விழுந்தது. நிமிர்ந்து நிற்கும் இரண்டு மூட்டுகளும், சரிவோரமும் சரிவோரமும் கூடியவை, இருந்த இடம் தெரியவில்லை. விரலால் தேடியும் கிடைக்கவில்லை. இவ்வாய்வாளர் மகிழ்ந்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, தன் பங்கும் அதில் கொஞ்சம் உண்டு என்பதுபோல் நின்றார்.

இரவு ஏழு மணிக்கு அறையின் டியூப்லைட்டைப் போட்டார்கள். லைட் அதே சுவரில், எட்டடி உயரத்தில் இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து சுவரோடு ஒட்டிக் கீழே இறங்கியது. ஆறடி உயரத்தில், பன்னிரண்டு அடி நீளத்துக்கு, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை, விரல் தடிமனில் ஒரு நிழல். வெயில் அந்த மேட்டோடு இணையாக ஓடியதால் பகலில் நிழல் விழவில்லை. டியூப்லைட் அதைக் குறுக்கே கடப்பதால் விழுகிறது. ஆய்வு நெறியாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியுதே" என்றார். மூலத்துக்கு இதுவரை வந்த உரைகளில் இதுவே சுருக்கமானது.

மறுநாள் அந்த இடத்தில் நகைக்கடைக் காலண்டர் ஒன்று மாட்டப்பட்டது. அதுதான் நிலை 6. காலண்டரின் அகலம் ஒன்றேகால் அடி. மறைக்க வேண்டியது இன்னும் பத்தே முக்கால் அடி. மாட்டும்போது ஆணி ஜிப்சத்தில் நிற்காமல் உள்ளே போய்விட்டது. அது அடுத்த ஆய்வுக்குரியது.

ஓர் உண்மையைச் சொல்லி முடிக்க வேண்டும். நிமிர்ந்த மூட்டு இரண்டையும் முடித்த அந்தப் பையன், ஒவ்வொரு பூச்சுக்கும் பிளேடை எப்படிச் சாய்த்தான், ஓரத்தை எப்படிக் காற்றாக விட்டான் என்பதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். அவன் வேலை இருக்கும் இடத்தை இப்போது என்னால் காட்ட முடியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறான். அதனால்தான் அதைப் பற்றி எழுத ஒரு பத்திகூட இல்லை. பிசகிய ஒரு மூட்டுக்கு ஓர் இயல் முழுக்க உரை. எங்கள் துறையில் பெரும்பாலான நூல்கள் எப்படி உண்டாகின்றன என்பது அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் ஜிப்சம் தடுப்பு வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டி காய்ந்த பிறகு, ப்ரைமர் அடிக்கும் முன், ராத்திரியில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை. அப்போது தெரிந்தால் இன்னொரு பூச்சும் உப்புத்தாளும் போதும். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.